வேறு யாருக்கு?

மதிப்பிற்குரிய ஐயா,

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பவர்டேபிள் டெய்லராக இருக்கிறேன். முன்பு ஒன்றரை ஷிப்ட் வேலை இருந்தது. 2025 கடைசியில் அமெரிக்க ஆர்டர் குறைந்த பிறகு ஒரு ஷிப்ட்தான். மகளின் பள்ளிக் கட்டணத்துக்காக 20,000 ரூபாய் தண்டல் வாங்கினேன். 3,000 பிடித்துக்கொண்டு 17,000 கொடுத்தார்கள். தினம் 200 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். மனைவிக்குத் தெரியாது. அவளுடைய தோட்டைக் கேட்டிருக்கலாம், பயந்துவிடுவாள் என்று கேட்கவில்லை. நல்லதையே நினைத்தால் பணம் தானாக வரும் என்று யூடியூபில் ஒருவர் சொன்னதிலிருந்து, தினமும் காலையில் 'என்னிடம் பணம் நிறைந்திருக்கிறது' என்று 21 முறை நோட்டில் எழுதுகிறேன். ஆனாலும் சனிக்கிழமை வாங்கும் சம்பளம் செவ்வாய்க்குள் தீர்ந்துவிடுகிறது. நம்பிக்கை இழக்காமல் இருப்பது எப்படி? பங்குச்சந்தையில் சிறிய தொகை போட்டுப் பார்க்கலாமா?

கு., திருப்பூர்

அன்புள்ள கு.,

உங்கள் கடிதம் வருவதற்கு இரண்டு நாள் முன்புதான் என் அம்மாவின் டிரங்குப் பெட்டியை ஒழித்துக்கொண்டிருந்தேன். அதில் கிடைத்த ஒரு நோட்டு இன்னும் என் மேசைமேல் இருக்கிறது. அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

பங்குச்சந்தை வேண்டாம். தண்டல் கட்டிக்கொண்டிருப்பவர் அந்தப் பக்கமே போகக் கூடாது. அதில் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

அந்த யூடியூப் மனிதர் சொன்னதில் எனக்குக் கோபம் வருவது ஓர் இடத்தில்தான். நல்லதை நினைத்தால் பணம் வரும் என்றால், பணம் வராதவன் நல்லதை நினைக்கவில்லை என்றாகிறது. 2025 ஆகஸ்ட் 27 அன்று இந்தியப் பொருட்கள் மீதான வரியை அமெரிக்கா 50 சதவீதமாக உயர்த்தியது. அந்த நாட்டு ஆர்டரை நம்பியிருந்த கம்பெனிகளில் வேலை குறைந்தது. உங்கள் அரை ஷிப்ட் போனதற்கும் உங்கள் மனத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அந்தப் பழியை நீங்கள் சுமக்க வேண்டியதில்லை.

ஆனால் இன்னொன்று உங்கள் பொறுப்பு. அதை மென்மையாகச் சொல்ல எனக்கு வரவில்லை. 20,000 ரூபாய்க்கு 3,000 வட்டி, அதாவது 15 சதவீதம் என்றுதான் நினைத்திருப்பீர்கள். அது தவறு. உங்கள் கைக்கு வந்தது 17,000. மறுநாளிலிருந்தே திருப்பிக் கொடுக்கத் தொடங்கிவிட்டீர்கள். ஐம்பதாவது நாளில் 10,000 கட்டியிருப்பீர்கள். அந்த 10,000 அவர்கள் கையில் வேறொருவருக்குக் கடனாகப் போயிருக்கும். நூறு நாளையும் சேர்த்துச் சராசரி பார்த்தால், உங்களிடம் இருந்த கடன் ஏறத்தாழ 8,500 ரூபாய்தான். அதற்கு மூன்றே கால் மாதத்தில் 3,000 ரூபாய் வட்டி என்றால், ஆண்டுக் கணக்கில் அது 100 சதவீதத்தைத் தாண்டுகிறது. தமிழ்நாட்டில் 2003இல் வந்த அதீத வட்டித் தடைச் சட்டம் கந்துவட்டி, மீட்டர் வட்டியோடு தண்டலையும் பெயர் சொல்லியே குறிப்பிடுவது காரணமில்லாமல் அல்ல.

அந்தத் தோட்டை வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ ஆண்டுக்குப் பத்து சதவீத வட்டிக்கு அடகு வைத்து அதே 17,000 வாங்கியிருந்தால், நூறு நாளுக்கு வட்டி ஐந்நூறு ரூபாய்கூட ஆகியிருக்காது. மீதி 2,500 ரூபாய் எதற்குப் போனது? மனைவியிடம் சொல்லாமல் இருந்ததற்குப் போனது. பயந்துவிடுவாள் என்கிறீர்கள். ஒரு நாள் தண்டல்காரர் வாசலில் வந்து நிற்கும்போது உங்கள் மனைவி பயப்பட மாட்டாரா? அவரைப் பயத்திலிருந்து காப்பாற்றவில்லை, கு. உங்களுக்கு வெட்கமாக இருந்தது, மறைத்தீர்கள்.

இதைக் கடுமையாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. என் அப்பா அரிசி ஆலையில் எடை போடுபவராக இருந்தார். நான் ஏழாம் வகுப்பு படித்தபோது, ஒரு மாலை யாரோ ஒருவர் எங்கள் திண்ணையில் வந்து உட்கார்ந்து, அப்பா வரும்வரை எழுந்து போக மாட்டேன் என்றார். அம்மாவுக்கு அதுவரை எதுவும் தெரியாது. அவர் போன பிறகு அம்மா அழவில்லை, சண்டையும் போடவில்லை. என் ரஃப் நோட்டையும் பென்சிலையும் வாங்கி, விளக்கடியில் உட்கார்ந்து, அப்பாவிடம் "யாருக்கு எவ்வளவு?" என்று கேட்டாள். அவர் ஒரு பெயரைச் சொன்னார். எழுதினாள். "வேறு யாருக்கு?" அப்பா தரையைப் பார்த்துக்கொண்டே இன்னொரு பெயரைச் சொன்னார். "வேறு யாருக்கு?" இப்படி ஐந்து முறை. கடைசிப் பெயர் என் பள்ளிக்கூட வாசலில் மிட்டாய் விற்பவருடையது, 15 ரூபாய். கூட்டினால் 2,340 ரூபாய். ஆலையில் அப்பாவுக்குக் கிடைத்த சம்பளத்துக்கு அது பெரிய தொகை. ஆனால் பல நாளாகச் சரியாகச் சாப்பிடாமல் இருந்தவர் அன்று இரவு இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

இப்போது என் மேசைமேல் இருப்பது அந்த ரஃப் நோட்டு. அம்மா பேனாவால் எழுதவே இல்லை. வாரா வாரம் பாக்கித் தொகையை ரப்பரால் அழித்து, அதே இடத்தில் குறைந்த தொகையை எழுதுவாள். 640 என்பது 620 ஆகும், பிறகு 605 ஆகும். எழுதி முடித்ததும் நோட்டை எங்கள் முன் நீட்டிக் காட்டுவாள். அழித்து அழித்து அந்த இடங்களில் தாள் மெலிந்து, வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரிகிறது.

நம்பிக்கை இழக்காமல் இருப்பது எப்படி என்று கேட்டிருந்தீர்கள். எங்கள் வீட்டில் அந்த நாட்களில் இருந்த நம்பிக்கை அந்தத் தாளில் இருந்தது. 21 முறை எழுதும் வாக்கியத்தை நாளையிலிருந்து விட்டுவிடுங்கள். வரும் சனிக்கிழமை சம்பளம் வாங்கி வந்ததும், மகள் தூங்கிய பிறகு, மனைவியை அருகில் உட்கார வைத்து, தண்டலில் இன்னும் எத்தனை நாள் பாக்கி என்பதிலிருந்து மளிகைக் கடைப் பற்று வரை எல்லாவற்றையும் சொல்லுங்கள். அவரே எழுதட்டும். அவர் கோபப்பட்டால் கேட்டுக்கொள்ளுங்கள். மீதித் தண்டலைத் தோட்டை வைத்து அடைப்பதா, பாக்கி நாளையும் கட்டி முடிப்பதா என்பதை இருவருமாகக் கணக்குப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

கூட்டி வந்த தொகையை எனக்கு எழுதுங்கள். மூன்று மாதம் கழித்து அது எவ்வளவு என்பதையும் எழுதுங்கள்.

அன்புடன்.