காதல் கடிதமா, கடன் பத்திரமா?

கேள்வி: வயது 27, வங்கியில் வேலை பார்க்கிறேன். தை மாதம் எனக்குக் கல்யாணம். அவர் செஸ்ஸில் இன்டர்நேஷனல் மாஸ்டர். போட்டிக்காக வெளிநாடு போனால் கையால் கடிதம் எழுதி, போட்டோ எடுத்து அனுப்புவார். உருகி உருகி எழுதிவிட்டு, கடைசியில் பணக்கவலையில் வந்து நிற்பார். என் அக்கா படித்துவிட்டு, "இது காதல் கடிதமா, கடன் பத்திரமா?" என்று கேட்டாள். என் சம்பளத்துக்காகத்தான் பழகுகிறாரோ என்று இப்போது எனக்கே சந்தேகமாக இருக்கிறது.
- பெயர் வேண்டாம், மதுரை

பதில்: உங்களுக்கென்று எழுதிய கடிதத்தை அக்காவிடம் ஏன் காட்டினீர்கள்? சரி, நடந்தது நடந்துவிட்டது. எனக்கும் ஒரு பக்கம் அனுப்பியிருக்கிறீர்கள், அந்தப் பாவத்தில் இப்போது எனக்கும் பங்கு.

செர்பியாவிலிருந்து எழுதியிருக்கிறார். மூன்று பேருக்கு ஒரே அறை, மதியம் ரொட்டியும் வாழைப்பழமும், கையில் மிச்சம் 62 யூரோ. அடுத்த வரியிலேயே உங்கள் நீலப் புடவைக்குத் தாவிவிடுகிறார். அந்தப் பக்கத்தில் 'அனுப்பு' என்று ஒரு வார்த்தைகூட இல்லை, கவனித்தீர்களா? கேட்கிறவர் வேறு, சொல்கிறவர் வேறு. இவர் சொல்கிறார்.

அவருடைய செலவு ஊதாரிச் செலவும் இல்லை. அடுத்த படியான கிராண்ட்மாஸ்டர் பட்டத்துக்கு மூன்று நார்மும் (ஒரு போட்டியில் அந்தப் பட்டத்தின் தரத்துக்கு ஆடிக் காட்டுவதுதான் நார்ம்) 2500 ரேட்டிங் புள்ளியும் வேண்டும். அதைத் தேடி நாடு நாடாகப் போகிறவர்கள் டிக்கெட், அறை, கோச் எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் சொந்தக் காசைத்தான் போடுகிறார்கள்.

இது இன்றைக்கு வந்த கவலையும் இல்லை. முதல் உலக சாம்பியன் ஸ்டைனிட்ஸ் 1900-இல் நியூயார்க்கில் இறந்தபோது கையில் காசில்லை. 1894-இல் அவரை வென்று பட்டம் வாங்கியவர் ஜெர்மானியர் எமானுவேல் லாஸ்கர். ஸ்டைனிட்ஸின் கதி தனக்கும் வந்துவிடக் கூடாது என்று ஆட்டத்துக்குப் பெரிய தொகை கேட்க ஆரம்பித்தார். 1908-இல் இன்னொரு ஜெர்மன் வீரர் டாராஷோடு மோத அவர் கேட்டது 7,500 மார்க். பேராசைக்காரர் என்று பலரும் ஏசினார்கள். என்னைக் கேட்டால், அவர் கேட்டது நியாயம்தான்.

அவ்வளவு கணக்காக இருந்தவர் முதல் உலகப் போரின்போது சேமிப்பையெல்லாம் எதில் போட்டார் தெரியுமா? ஜெர்மன் அரசின் போர்க் கடன் பத்திரத்தில்! உங்கள் அக்கா சொன்ன அதே கடன் பத்திரம்தான். பணவீக்கத்தில் அது வெறும் காகிதமாகிவிட்டது. 27 வருஷம் உலக சாம்பியனாக இருந்தவர்! பலகையில் பத்து நகர்வு தள்ளிப் பார்க்கிற மூளைக்குப் பணத்திலும் அப்படித் தெரியும் என்று நம்பிவிடாதீர்கள். 1911-இல் அவர் மணந்த மார்த்தா வசதியான விதவை, அவரைவிட ஒரு வயது மூத்தவர், கதைகள் எழுதியவர். யூதர்கள் என்பதால் 1933-இல் இருவரும் ஜெர்மனியை விட்டுக் கிளம்ப வேண்டியதாயிற்று, சொத்தும் பறிபோயிற்று. லாஸ்கர் 65 வயதில் திரும்பவும் பலகை முன்னால் உட்கார்ந்தார். 1935 மாஸ்கோ போட்டியில் ஓர் ஆட்டம்கூடத் தோற்காமல் மூன்றாமிடம். மார்த்தா கடைசிவரை கூடவே இருந்தார்.

அதனால் காதலைச் சந்தேகப்படாதீர்கள், கணக்கைக் கேளுங்கள். போன வருஷம் வந்தது எவ்வளவு, போனது எவ்வளவு, வீட்டுக்குத் தெரியாத கடன் உண்டா? ரயில்வேயிலும் பொதுத்துறை நிறுவனங்களிலும் விளையாட்டு ஒதுக்கீட்டில் செஸ் வீரர்களை எடுக்கிறார்கள், விண்ணப்பித்தாரா? பிள்ளைகளுக்குக் கோச்சிங் எடுக்கச் சம்மதமா? பட்டத்துக்காக இன்னும் எத்தனை வருஷம் செலவழிப்பதாக உத்தேசம்? "அதெல்லாம் உனக்கு எதற்கு" என்று பதில் வந்தால் எனக்கு மறுபடி எழுதுங்கள், அப்போது வேறு மாதிரிப் பேசுவோம்.

வங்கி ஊழியருக்குக் குறைந்த வட்டியில் கடன் கிடைக்கும் என்பது அவருக்கும் தெரிந்திருக்கும். கல்யாணத்துக்கு முன்னால் அதைத் தொடாதீர்கள், அவர் கேட்காவிட்டாலும் நீங்களாகப் போய் நீட்டாதீர்கள்.

அப்புறம், போட்டி நடக்கும்போது இதையெல்லாம் போனில் ஆரம்பிக்க வேண்டாம், மறுநாள் ஆட்டம் போய்விடும். ஊருக்கு வரட்டும். ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு, அக்கா இல்லாத நேரமாகப் பார்த்து இரண்டு பேரும் உட்காருங்கள்.