ஒரே சிற்பியின் சிலைகள் சலிக்காதா?

கேள்வி: பாரிஸில் எங்களுக்கு அரைநாள்தான் இருக்கிறது. ரோதான் மியூசியம் போகலாமா? எல்லாம் ஒரே ஆள் செய்த சிலைகள், சலிக்காதா?

பதில்: தாராளமாகப் போங்கள், திங்கட்கிழமை மட்டும் வேண்டாம், விடுமுறை. முதலில் தோட்டம். அங்கே பெரிதாக உட்கார்ந்திருக்கும் 'சிந்தனையாளன்' சிலையில் எல்லோரும் முகத்தைப் பார்ப்பார்கள், நீங்கள் பாதத்தைப் பாருங்கள், விரல்கள் மடங்கிப் பாறையை இறுகப் பிடித்திருக்கும், யோசனை அங்கேவரை இறங்கியிருக்கிறது! அப்புறம் 'நரக வாசல்' கதவு, ரோதான் 1880-ல் ஆரம்பித்துப் பல வருடங்கள் விட்டுவிட்டுச் செய்தது, அதன் மேல்பகுதியில் அதே சிந்தனையாளன் சின்னதாக இருப்பார், அந்தச் சிலை பிறந்த இடமே அதுதான். ஒரே சிற்பி என்பதால்தான் இதெல்லாம் பிடிபடுகிறது. உள்ளே ரோதானின் மாணவி காமில் கிளோதெல் செய்த 'அலை'யைத் தயவுசெய்து தவறவிடாதீர்கள்.