மகன் ஆல்ப்ஸ் பனியில் சறுக்குகிறான், இங்கே பாலிசி எடுக்கலாமா?

கேள்வி: என் மகனுக்கு 28 வயது. மூன்று வருடமாக பிரான்ஸில், கிரெனோபிளில் வேலை. டிசம்பர் வந்துவிட்டால் சனி, ஞாயிறு முழுக்க ஆல்ப்ஸ் மலையில்தான் இருக்கிறான். கம்பு நட்டுக் குறித்த தடத்தை விட்டு வெளியே போய், யாரும் மிதிக்காத பனியில் சறுக்குகிறான். வீடியோ அனுப்பினான், அதிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. இங்கே ஒரு டிராவல் ஏஜென்ட், “எல்லாமே கவர் ஆகும்” என்று 22,000 ரூபாய்க்கு ஒரு பாலிசி சொல்கிறார். கட்டலாமா?
– ஒரு தாய், முதலியார்பேட்டை

பதில்: கட்டாதீர்கள் அம்மா. இங்கே விற்கும் டிராவல் பாலிசி, ஊர் சுற்றிவிட்டு இந்தியாவுக்கே திரும்பி வருகிறவர்களுக்கானது. அதையும் கிளம்பும் முன்பே எடுக்க வேண்டும். உங்கள் மகன் அங்கேயே குடியிருந்து சம்பளம் வாங்குகிறார். க்ளெய்ம் என்று போனால் முதல் கேள்வியிலேயே கதவைச் சாத்திவிடுவார்கள்.

“எல்லாமே கவர் ஆகும்” என்று யார் சொன்னாலும், எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். லாஸ்பேட்டையில் ஒரு அப்பா என்னிடம் வந்தார். மகள் குல்மார்க்கில் பனிச்சறுக்கில் விழுந்து முழங்காலில் அறுவை சிகிச்சை. பாலிசி கையில் இருந்தும் பணம் வரவில்லை. சாகச விளையாட்டுக்குக் கிடையாது என்று விலக்குகள் பகுதியில் ஒரு வரி இருந்தது. அதைவிடக் கொடுமை, ‘ஆபத்தான பொழுதுபோக்கு உண்டா’ என்ற கேள்விக்கு ஏஜென்ட்டே ‘இல்லை’ என்று டிக் அடித்திருந்தார். அப்பா கையெழுத்து மட்டும் போட்டிருந்தார். முப்பது பக்க ஆங்கிலத்தைப் பொடி எழுத்தில் கொடுத்துவிட்டு, ‘நீங்கள் படித்திருக்க வேண்டும்’ என்கிறார்கள். ரேஷன் கார்டைத் தமிழில் தர முடிகிற ஊரில் பாலிசியைத் தமிழில் தர என்ன தடை? எத்தனை வருடமாகக் கேட்கிறேன்!

அதனால் பூர்த்தி செய்யாத படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். மகன் பெயரில் ஊரில் பழைய ஆயுள் காப்பீடு இருந்தால், அதில் சேர்த்திருக்கும் விபத்து ரைடரையும், அதாவது விபத்துக்கான கூடுதல் காப்பீட்டையும், எடுத்துப் பாருங்கள். சாகச விளையாட்டு பெரும்பாலும் அதிலும் விலக்குதான். ஏற்கெனவே பணம் கட்டி ஏமாந்தவர்கள் முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால் சென்னையில் உள்ள காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம், அதாவது குறைதீர்ப்பாளரிடம், போகலாம். புதுச்சேரி, காரைக்கால் இரண்டும் அங்கேதான் வரும். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம்.

சரி, உங்கள் மகனுக்கு வருவோம். அங்கே வேலை செய்கிறவருக்கு அரசு மருத்துவக் காப்பீடு உண்டு, கார்த் வித்தால் என்ற பச்சை அட்டை கையில் இருக்கும். மீதிச் செலவுக்கு முத்துயேல் என்ற துணைக் காப்பீடு. தனியார் நிறுவனம் என்றால் 2016 முதல் அதை முதலாளியே ஏற்பாடு செய்தாக வேண்டும். ஆக, ஆஸ்பத்திரி பில்லை நினைத்துப் பயப்படாதீர்கள்.

மீட்புச் செலவு வேறு கணக்கு. இதில்தான் எல்லோரும் குழம்புகிறார்கள், அதனால் நிதானமாகச் சொல்கிறேன். பிரான்ஸில் தடத்துக்கு வெளியே, மலையில் சிக்கியவரை அரசு மீட்புப் படை ஹெலிகாப்டரில் தூக்கி வந்தால் பொதுவாகப் பணம் கேட்பதில்லை. ஆனால் அதே ஆள் குறியிட்ட தடத்தில் விழுந்து, சறுக்குத்தள ஊழியர்கள் ஸ்லெட்ஜில் இறக்கினால் பில் வரும். ஆபத்தான இடத்தில் இலவசம், பத்திரமான இடத்தில் காசு. தலைகீழாகத் தெரிந்தாலும் நடைமுறை அதுதான். மலையில் எல்லைக்கோடு கண்ணுக்குத் தெரியாது. சறுக்கிக்கொண்டே சுவிட்சர்லாந்துப் பக்கம் போய்விட்டால் இந்த இலவசம் செல்லாது, அங்கே ஹெலிகாப்டருக்குப் பெரிய தொகை கேட்பார்கள். இதற்கெல்லாம் கார்த் நேஜ் என்ற பனிச்சறுக்குக் காப்பீடு அங்கேயே கிடைக்கிறது. உங்கள் 22,000 ரூபாயைவிடக் குறைவாகவே ஆகும். தடத்துக்கு வெளியிலும், பக்கத்து நாட்டிலும் செல்லுமா, ஊருக்குக் கொண்டுவரும் செலவும் உண்டா என்று கேட்டு எடுக்கச் சொல்லுங்கள்.

அப்புறம், ‘போகாதே’ என்று 28 வயதுப் பிள்ளையிடம் சொன்னால் போவதை உங்களிடம் மறைக்கத்தான் செய்வார். அதற்குப் பதிலாக, பனியில் புதைந்தவரைத் தேடும் சிக்னல் கருவி, நீளக் குச்சி, மண்வாரி மூன்றும் இருக்கின்றனவா என்று கேளுங்கள். கூடப் போகிறவரிடமும் இருக்க வேண்டும், பயன்படுத்தவும் பழகியிருக்க வேண்டும். ஏனென்றால் கால் மணி நேரத்துக்குள் தோண்டி எடுத்தால்தான் பிழைக்கும் வாய்ப்பு அதிகம், ஹெலிகாப்டர் வரும்வரை காத்திருக்க முடியாது. அன்றைய பனிச்சரிவு எச்சரிக்கை எண்ணையும் கேளுங்கள். 1 முதல் 5 வரை இருக்கும். 3 என்றால் நடுத்தரம்தானே என்று கிளம்புகிறார்கள், உயிர்கள் அதிகம் போவதே அந்த 3-இல்தான்.

காப்பீட்டு அட்டையைப் படம் எடுத்து உங்கள் வாட்ஸ்அப்புக்கு அனுப்பச் சொல்லுங்கள். கூடச் செல்லும் ஒரு நண்பரின் நம்பரையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.