டர்பைன் வாங்குபவர் என்ன பார்க்கிறார்? ஆப்பிரிக்க மின்சந்தை பற்றிக் கேள்வி பதில்

நைஜீரியாவிலும் கானாவிலும் கேஸ் டர்பைன்களை (எரிபொருளை எரித்து, அந்தச் சூட்டுக் காற்றால் சுழன்று மின்சாரம் தரும் இயந்திரங்களை) பொருத்தி ஓடவைக்கும் வேலையில் பல வருடங்கள் இருந்தேன். அந்த நாடுகளுக்கு இயந்திரம் விற்பது பற்றி நண்பர்கள் கேட்ட கேள்விகளுக்கு, தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

சார், வாங்குபவர்கள் முதலில் பார்ப்பது எஃபிஷியன்சியைத்தானே?

இல்லை. "எந்த எரிபொருளில் ஓடும்?" என்பதுதான் முதல் கேள்வி. காரணம் சொல்கிறேன். நைஜீரியாவிலிருந்து பெனின், டோகோ வழியாகக் கானாவுக்குக் கடலடியில் ஒரு கேஸ் குழாய் போகிறது. 2012 ஆகஸ்டில் டோகோ கடற்பகுதியில் ஒரு கப்பலின் நங்கூரம் அதில் சிக்கிக் குழாய் உடைந்தது. பல மாதங்களுக்குக் கேஸ் வரவில்லை. கானா மக்கள் மின்வெட்டை "டும்சோர்" என்பார்கள், அணைந்து எரிவது என்று அர்த்தம். அந்தச் சொல் வீட்டுக்கு வீடு பேச்சானது அந்தக் காலத்தில்தான். கானாவின் தக்கோராடி நகரில் கச்சா எண்ணெயிலும் ஓடக்கூடிய டர்பைன்கள் இருந்தன. அவையும் இல்லாமல் போயிருந்தால் நிலைமை இன்னும் மோசமாகியிருக்கும். அதை அனுபவித்தவர் கேஸில் மட்டும் ஓடும் இயந்திரத்தைப் பார்த்தால் தயங்கத்தான் செய்வார்.

நைஜீரியாவில் பிரச்சினை வேறு மாதிரி. நிலத்துக்கடியில் கேஸ் கொட்டிக் கிடக்கிறது, மின்நிலையங்களின் நிறுவிய திறன் 13,000 மெகாவாட் அளவு. ஆனால் கிரிட்டுக்கு (நாடு முழுதும் மின்சாரம் கொண்டுபோகும் கம்பி வலைக்கு) வருவது பெரும்பாலும் 4,000, 5,000 மெகாவாட்தான். கேஸ் விற்றவருக்குப் பாக்கி, குழாய்ச் சேதம், பலவீனமான கடத்துக் கம்பிகள் என்று எல்லாம் சேர்ந்துகொள்கிறது. குறைந்த சுமையிலும் அடம்பிடிக்காமல் ஓடுமா, கிரிட் விழுந்தால் வெளி மின்சாரம் இல்லாமல் தானே எழுந்து நிற்குமா என்று அங்கே கேட்பார்கள்.

வெயில், தூசி எவ்வளவு பாதிக்கும், அண்ணா?

நிறைய. டர்பைனின் பெயர்ப்பலகையில் இருக்கும் மெகாவாட், 15 டிகிரி வெப்பத்தில் கடல்மட்டத்தில் கிடைப்பது. காற்று சூடானால் அடர்த்தி குறையும். ஒவ்வொரு டிகிரிக்கும் அரை சதவீதத்துக்கு மேல் உற்பத்தி போகும். உயரமும் அப்படித்தான்: ஜோகனஸ்பர்க் 1,700 மீட்டருக்கு மேல் இருக்கிறது, அங்கே வைத்தால் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். விவரம் தெரிந்தவர் பலகையைப் பார்க்க மாட்டார், "எங்கள் ஊரில், ஏப்ரல் மதியம் எவ்வளவு வரும்?" என்றுதான் கேட்பார்.

தூசி வேறு கதை. நவம்பர் முதல் மார்ச் வரை சகாராவிலிருந்து ஹர்மட்டான் காற்று வீசும். ஒரு ஜனவரி காலையில், டர்பைனுக்குள் போகும் காற்றை வடிகட்டும் ஃபில்டர் அறைக் கதவைத் திறந்தேன். முகத்துக்குப் பூசும் பவுடர் போல மெல்லிய பழுப்புத் தூள் ஒவ்வொரு மடிப்பிலும் அடைந்திருந்தது. விரலால் தொட்டால் அப்படியே சரிந்து விழுந்தது. வெளியே சூரியன் வெள்ளைத் தட்டாய் நிற்கிறது, உள்ளே ஃபில்டர் அடைப்பைக் காட்டும் அழுத்த வேறுபாட்டு முள் சிவப்பைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. அன்று நாற்பது ஃபில்டர் மாற்றினோம். இதெல்லாம் எந்த பிரோஷரிலும் வராது, ஆனால் வாங்குபவரின் பராமரிப்பு எஞ்சினியருக்கு மனப்பாடம்.

பெரிய இயந்திரம் வாங்கினால் யூனிட்டுக்குச் செலவு குறையுமே?

கிரிட் தாங்கினால் குறையும். எகிப்து அப்படித்தான் செய்தது. 2015ல் சீமன்ஸுடன் ஒப்பந்தம் போட்டு, ஒவ்வொன்றும் 4,800 மெகாவாட் கொண்ட மூன்று நிலையங்களை 2018க்குள் முடித்தார்கள். அந்த நிலையங்களில் இருப்பது போன்ற பெரிய டர்பைன் ஒன்றை, மொத்தத் தேவையே சில நூறு மெகாவாட்டாக இருக்கும் ருவாண்டாவில் வைத்தால்? அது டிரிப் ஆகும் (கோளாறில் திடீரென்று தானே நின்றுவிடும்) நொடியில் நாடே இருட்டு. கிரிட்டின் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஒரே இயந்திரம் வேண்டாம் என்பது எங்கள் துறையின் பழைய கணக்கு.

கப்பலில் வரும் மின்நிலையத்தை ஏன் வாடகைக்கு எடுக்கிறார்கள்?

அவசரம். 2015ல் கானாவுக்குத் துருக்கிக் கப்பல் வந்தது அப்படித்தான். (அதில் இருப்பது இன்ஜின்கள், டர்பைன் அல்ல.) டிரெய்லரில் வரும் சிறு டர்பைன்களையும் வரவழைத்தார்கள். சில மாதங்களில் மின்சாரம் கிடைத்தது. ஆனால் அந்த நெருக்கடியில் கையெழுத்தான பல ஒப்பந்தங்களில், எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் பணம் கட்ட வேண்டும் என்று இருந்தது. பிற்பாடு தேவைக்கு மேல் திறன் சேர்ந்தபோது அந்தச் சுமை அரசின் தலையில் விழுந்தது. விற்பவர்கள் இதைச் சாமர்த்தியம் என்று நினைப்பது எனக்கு வருத்தம்.

டாலர் பிரச்சினை எவ்வளவு பெரியது?

நைஜீரியாவில் கட்டணம் வசூலாவது அவர்கள் பணமான நைராவில், ஸ்பேர் வாங்குவது டாலரில். 2023 ஜூனுக்கு முன் அதிகாரபூர்வ விகிதம் டாலருக்கு சுமார் 470 நைராவாக இருந்தது, அடுத்த ஆண்டே 1,500ஐத் தாண்டியது. இப்படிப் பணம் சிக்கும் பயம் இருப்பதால்தான், உலக வங்கி உத்தரவாதத்தோடு வந்த நைஜீரியாவின் 461 மெகாவாட் அசூரா நிலையத்தைப் பலரும் முன்மாதிரியாகப் பேசுகிறார்கள்.

காற்றாலை டர்பைனிலும் இதே கவலைகளா?

அங்கே கவலை ரோடு. கென்யாவின் துர்கானா ஏரிப் பக்கம் 365 காற்றாலைகள், ஒவ்வொன்றும் 850 கிலோவாட்தான். பெரிதாக வாங்கியிருக்கலாமே என்று தோன்றும். ஆனால் கொண்டுபோக 200 கிலோமீட்டருக்கு மேல் பாதையைச் சீரமைக்க வேண்டியிருந்தது, நீளமான இறக்கையும் பெரிய கிரேனும் அங்கே போவது எளிதல்ல. அப்புறம், 2017ல் காற்றாலைகள் தயாரான பின்னும் கடத்துக் கம்பி வராததால் 2018 செப்டம்பர் வரை மின்சாரம் வெளியே போகவில்லை.

இந்தியத் தயாரிப்பை வாங்குகிறார்களா?

வாங்குகிறார்கள். ருவாண்டாவின் 28 மெகாவாட் நியபரோங்கோ நீர்மின் நிலையத்துக்கு இயந்திரம் கொடுத்தது நம் பெல் (BHEL) நிறுவனம்.

விற்பனை வேலையில் நைரோபிக்குப் போகிறேன். முதல் சந்திப்பில் என்ன பேசுவது?

தம்பி, ஸ்லைடைத் திறக்காதீர்கள். "போன வருஷம் உங்கள் டர்பைன் எத்தனை தடவை டிரிப் ஆச்சு, எதனால்?" என்று கேளுங்கள். நான் இருந்த ஒரு நிலையத்தில், உள்ளே தீ எரிகிறதா என்று பார்க்கும் கையளவு ஃபிளேம் டிடெக்டர் ஒன்று பழுதாகி 120 மெகாவாட் பதினேழு நாள் நின்றது. பாகம் நான்காம் நாளே விமானத்தில் வந்துவிட்டது. மீதி நாளெல்லாம் அது சுங்கக் கிடங்கில் கிடந்தது. அந்த நிலைய மேலாளர் அடுத்த டெண்டரில் முதல் பக்கத்திலேயே எழுதிவிட்டார்: ஸ்பேர் கிடங்கு எங்கள் நாட்டுக்குள் இருக்க வேண்டும், எங்கள் ஆட்களில் ஆறு பேருக்கு நீங்கள் பயிற்சி தர வேண்டும். உங்கள் கம்பெனி அந்த இரண்டுக்கும் என்ன சொல்லும் என்று விமானம் ஏறுவதற்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.