வீடு பியெலானியில் என்றால் எந்த அலுவலகம்?

கேள்வி: போலந்தின் வ்ரோத்ஸ்வாஃப் நகரில் வேலை, பக்கத்து ஊரான பியெலானியில் வாடகை வீடு. முகவரிப் பதிவுக்கும், தனியாரிடம் வாங்கிய பழைய காரை என் பெயருக்கு மாற்றவும் ஏஜென்ட் 900 ஸ்வோட்டி கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். பியெலானி வ்ரோத்ஸ்வாஃப்ஸ்கியே என்று பெயரில்தான் நகரம் இருக்கிறது. ஊர் கோபியெஷித்சே க்மினாவை, அதாவது உள்ளாட்சிப் பகுதியைச் சேர்ந்தது. அதையும் சேர்த்து 9 க்மினாக்கள் கொண்டது வ்ரோத்ஸ்வாஃப் போவியாத், அதாவது மாவட்டம். நகரம் அதில் சேராது. அதற்குத் தனி மாவட்ட அதிகாரம் உண்டு. கூத்து என்னவென்றால், போவியாத்தின் தலைமை அலுவலகம் தன் எல்லைக்கு வெளியே, அதே நகரத்துக்குள் இருக்கிறது. புதிதாக வருபவர் குழம்பாமல் என்ன செய்வார்?

முகவரிப் பதிவு, அதாவது மெல்டூனெக், கோபியெஷித்சேயில் உள்ள க்மினா அலுவலகத்தில். இந்தியக் குடிமக்கள் குடிவந்த 4 நாளுக்குள் பதிய வேண்டும். கட்டணம் கிடையாது, தற்காலிகப் பதிவுக்குச் சான்றிதழ் கேட்டால் மட்டும் 17 ஸ்வோட்டி. 30 நாளுக்கு மேல் பதிந்தால், இதுவரை இல்லாதவர்களுக்குப் பெசெல் எண்ணும், அதாவது போலந்தின் தனிநபர் அடையாள எண்ணும், கிடைத்துவிடும்.

வீட்டுக்காரர் பதிவுப் படிவத்தில் கையெழுத்துப் போட மறுக்கிறாரா? வாடகை ஒப்பந்தம் உங்கள் பெயரில் இருந்தால் அதைக் காட்டியே பதியலாம். கவனியுங்கள், உங்கள் பெயரில். நண்பர் எடுத்த வீட்டில் ஓர் அறையில் இருக்கிறீர்கள் என்றால் அந்த நண்பர் கையெழுத்திட வேண்டும். மெல்டூனெக்கால் வீட்டின் மேல் உங்களுக்கு எந்த உரிமையும் வந்துவிடாது. இதை வீட்டுக்காரருக்கும் சொல்லுங்கள்.

காரைப் பெயர் மாற்றுவது போவியாத் அலுவலகத்தில். வாங்கிய 30 நாளுக்குள் விண்ணப்பிக்காவிட்டால் 500 ஸ்வோட்டி அபராதம். விற்பனை ஒப்பந்தம், பழைய பதிவுச் சான்று, நடப்பில் உள்ள இன்சூரன்ஸ், தகுதிச் சோதனை நான்கும் கையில் இருக்கட்டும். வண்டியில் ஏற்கெனவே போலந்தின் வெள்ளை நம்பர் பிளேட் நல்ல நிலையில் இருந்தால் அதையே வைத்துக்கொள்ளலாம். புது பிளேட்டுக்குப் பணம் கேட்பவரிடம் ஏமாறாதீர்கள். கார் மதிப்பில் 2 சதவீத வரி தனி. அதை 14 நாளுக்குள் வரி அலுவலகத்தில் கட்ட வேண்டும்.

வசிப்பு அட்டை இந்த இரண்டு அலுவலகத்திலும் இல்லை; அது வொய்வோதா, அதாவது மாகாண ஆளுநர், அலுவலகத்தின் வேலை. "நகரத்துக்குள் வேறு முகவரியில் பதிந்து தருகிறேன்" என்று ஏஜென்ட் சொல்வார். அங்கேதான் வலை. அந்த முகவரியையே வசிப்பு அட்டை விண்ணப்பத்திலும் எழுதிவிட்டால் கடிதங்கள் அங்கே போகும். வாங்க ஆளில்லாத பதிவுத் தபால் அஞ்சலகத்தில் 14 நாள் கிடக்கும். அதன் பிறகு உங்களிடம் சேர்ந்துவிட்டதாகவே சட்டம் கொள்ளும். விடுபட்ட ஆவணத்தைக் கேட்டு வந்த கடிதமாக இருந்தால், நீங்கள் கண்ணால் பார்க்காமலே கெடு ஓடத் தொடங்கிவிடும்.