எலெக்ட்ரோஸ்டாட்டிக்கில் ராக்: கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை எலெக்ட்ரோஸ்டாட்டிக் ஸ்பீக்கரில் சத்தமாக ராக் கேட்பது பற்றியவை. புதியவர்களுக்கு: இதில் கோன் கிடையாது; ஸ்டேட்டர் எனும் இரண்டு ஓட்டைத் தகடுகளுக்கு நடுவே மின்னேற்றிய மெல்லிய சவ்வு ஆடித்தான் ஒலி வருகிறது. இந்த அடுக்கு மொத்தமும்தான் பேனல். வழக்கம்போல் பாதிப் பேர் அறையின் அளவு, உட்காரும் தூரம், ஆம்பின் (ஆம்ப்ளிஃபயர்) பெயர் இந்த மூன்றையும் எழுதவில்லை. எழுதாதவர்களுக்குப் பொத்தாம்பொதுவான பதில்தான் கிடைக்கும். அப்புறம் என்னைக் குறை சொல்லக் கூடாது.

கே: எலெக்ட்ரோஸ்டாட்டிக்கில் ராக் கேட்கலாமா, கூடாதா? ஒரே வரியில் சொல்லுங்கள்.

ப: கேட்கலாம். அடி பாஸை (கனத்த தாழ்ந்த ஒலிகளை) பேனலின் தலையில் கட்டாமல் கேளுங்கள்.

கே: வூஃபர் (பாஸுக்கான கோன் ஸ்பீக்கர்) இல்லாத முழு பேனல் ஸ்பீக்கர் வைத்திருக்கிறேன். கிக் டிரம் வேகமாக உருளும் இடங்களில் உள்ளே எதுவோ மோதுவதுபோல் 'டப் டப்' என்கிறது. பழுதா?

ப: பழுது இல்லை. சவ்வு ஸ்டேட்டரில் போய் முட்டுகிறது. சவ்வுக்கும் ஸ்டேட்டருக்கும் நடுவே இருப்பதே ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். அதற்குள்தான் அது முன்னும் பின்னும் ஆட வேண்டும். பேனலுக்குப் பெட்டி கிடையாது என்பதால் முன்பக்கம் வரும் பாஸைப் பின்பக்கம் வரும் பாஸ் அடித்துவிடுகிறது. இதனால் அதே சத்தத்துக்கு 80 ஹெர்ட்ஸிலிருந்து 40 ஹெர்ட்ஸுக்கு இறங்கினால், சவ்வு சுமார் 8 மடங்கு தூரம் நகர்ந்தாக வேண்டும். பெட்டியில் அடைத்த வூஃபருக்கு இது 4 மடங்கோடு முடிந்துவிடும். பாஸ் கிதாரின் கடைசித் தந்தி 41 ஹெர்ட்ஸ். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு நல்ல சப்வூஃபர் (அடி பாஸுக்கு மட்டுமான தனி ஸ்பீக்கர்) வாங்குங்கள், காற்றுத் துளை இல்லாத சீல்டு பெட்டியாக இருந்தால் நல்லது. 80 ஹெர்ட்ஸ் பக்கத்தில் பிரித்துவிடுங்கள்: கீழே சப்வூஃபர், மேலே பேனல். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள்: சப்வூஃபரை மட்டும் சேர்த்துவிட்டு, பேனலுக்குப் போகும் சிக்னலில் பாஸை வெட்டாமல் விட்டுவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் பேனலுக்கு ஒரு பயனும் இல்லை. ஆம்புக்கு முன்னால், பாஸை வெட்டும் ஹைபாஸ் ஃபில்டர் கட்டாயம் இருக்க வேண்டும். பேனலின் சுமை குறைந்தபின் அதே ஸ்பீக்கர் இன்னும் நாலைந்து டெசிபல் கூடுதலாகப் பாடுவதைக் கேட்பீர்கள்.

கே: ஒரு பக்கம் சத்தம் குறைவாக இருக்கிறது. பேனல் போய்விட்டதா?

ப: ஆம்பை அணைத்துவிட்டு இடது, வலது ஸ்பீக்கர் வயர்களை மாற்றிப் போட்டுப் பார்த்தீர்களா? கடிதத்தில் அதைக் காணோம். போட்டுப் பாருங்கள். குறை வயரோடு சேர்ந்து அடுத்த பக்கம் போனால் ஆம்பையோ அதற்கு முன்னால் இருப்பதையோ சந்தேகப்படுங்கள். அதே ஸ்பீக்கரில் நின்றால் சவ்வை மின்னேற்றி வைக்கும் பயாஸ் மின்சாரமோ சவ்வின் மேல்பூச்சோ தேய்ந்திருக்கலாம்.

கே: இப்போது இருப்பது 100 வாட் ஆம்ப். கச்சேரி மேடைச் சத்தம் வரவில்லை. 400 வாட் மோனோபிளாக் (ஒரு ஸ்பீக்கருக்கு ஒரு தனி ஆம்ப்) வாங்கினால் சரியாகிவிடும் என்கிறார் நண்பர். எதை வாங்கலாம்?

ப: இந்தக் கேள்வி எனக்கு வராத மாதமே இல்லை. நண்பரைக் கொஞ்சம் சும்மா இருக்கச் சொல்லுங்கள்.

முதலில் கணக்கு. 100 வாட்டிலிருந்து 400 வாட்டுக்குப் போனால் கூடுவது 6 டெசிபல், அதுவும் ஸ்பீக்கர் அனுமதித்தால். சத்தம் இரண்டு மடங்கானதாகக் காதுக்குத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் வேண்டும், அதாவது பத்து மடங்கு வாட். ஆக, 400 வாட்டும் நீங்கள் எதிர்பார்க்கிற கச்சேரியைக் கொடுக்கப்போவதில்லை.

இரண்டாவது, உங்கள் ஸ்பீக்கருக்கு வாட் என்பதே தப்பான அளவு. கோன் ஸ்பீக்கரில் கோனை ஆட்டும் கம்பிச் சுருளான வாய்ஸ் காயில் சூடாகும், அதனால் அங்கே வாட் பேசுவதில் அர்த்தம் உண்டு. எலெக்ட்ரோஸ்டாட்டிக் பேனல் மின்சாரத்துக்கு ஒரு கெப்பாசிட்டர், அதாவது மின்னேற்றத்தை வாங்கி வைத்துத் திருப்பிக் கொடுக்கும் பாகம். அதற்குள் எரிந்து தீரும் சக்தி மிகச் சொற்பம். எல்லை போடுவது வோல்ட்தான். ஆம்பிலிருந்து வரும் வோல்ட்டை உள்ளே இருக்கும் டிரான்ஸ்பார்மர் நூறு மடங்கு அளவுக்கு ஏற்றி, ஆயிரக்கணக்கான வோல்ட்டாக ஸ்டேட்டருக்குக் கொடுக்கிறது. காற்று ஒரு மில்லிமீட்டருக்குச் சுமார் 3,000 வோல்ட் வரைதான் தாங்கும். அதற்குமேல் போனால் பொறி பறக்கும். எத்தனை வாட் ஆம்ப் வாங்கினாலும் காற்று அதைவிடக் கூடுதலாகத் தாங்காது.

ஓர் உதாரணம் சொல்கிறேன். 1981-இல் வந்த குவாட் நிறுவனத்தின் இஎஸ்எல்-63 எலெக்ட்ரோஸ்டாட்டிக்கின் கையேட்டின்படி, சுத்தமான ஒலிக்கு உச்சம் 40 வோல்ட். 55 வோல்ட்டுக்குமேல் கொடுக்கக் கூடாது. எல்லை மீறினால் உள்ளே இருக்கும் பாதுகாப்பு சர்க்யூட் உள்ளீட்டை ஷார்ட் செய்துவிடும். ஆம்புக்குச் சொந்தப் பாதுகாப்பு இல்லையென்றால் அந்த ஷார்ட் ஆம்பையே காவு வாங்கிவிடும். 8 ஓம் கணக்கில் 100 வாட் ஆம்ப் கொடுக்கும் உச்ச வோல்ட் எவ்வளவு? சரியாக 40. 400 வாட் கொடுப்பது 80. மிச்சம் 40 வோல்ட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வதாக உத்தேசம்?

ஆம்ப் வாங்கியே தீருவேன் என்றால் வாட்டைக் கேட்காதீர்கள். 20 கிலோஹெர்ட்ஸில் பல பேனல்களின் இம்பீடன்ஸ் (ஆம்புக்குத் தெரியும் தடை) ஒன்றிரண்டு ஓமுக்கு இறங்கிவிடுகிறது, சிலவற்றில் அதற்கும் கீழே. அந்தக் கெப்பாசிட்டர் சுமையில் ஆம்ப் அலைபாயாமல் நிற்குமா, கரண்ட் கொடுக்குமா என்று கேளுங்கள். சிம்பலின் ஓசை கரகரவென்று ஆவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கோளாறின் வேர் இதுதான். சாதாரண ஸ்பீக்கரில் வால்யூம் ஏற ஏற டிஸ்டார்ஷனும் ஏறும். அந்தக் கரகரப்பைத்தான் நம் காது 'சத்தம்' என்று பழகி வைத்திருக்கிறது. பேனலில் அது வராது. எல்லைக்குப் பக்கம் வரைக்கும் சுத்தமாகவே பாடும், அப்புறம் ஒரேயடியாக முறியும். கரகரப்பு இல்லாததால் சத்தம் பத்தவில்லை என்று நினைத்து மேலும் திருகுகிறீர்கள். போனில் இருக்கும் செயலியையாவது போட்டு, உட்காரும் இடத்தில் அளந்து பாருங்கள். 'சத்தமே இல்லை' என்று எழுதுகிறவர்களை அளக்கச் சொன்னால், 95 டெசிபல் காட்டுகிறது என்று பதில் எழுதுகிறார்கள்!

4 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருந்தால் நாற்காலியை 2 மீட்டருக்குக் கொண்டுவாருங்கள். உயரமான பேனலில் சுமார் 3 டெசிபல் கூடும். ஆம்பின் வாட்டை இரட்டிப்பாக்கினால் கிடைப்பதும் அதுவேதான். பொறியின் முதல் 'டிக்' சத்தம் கேட்டதும் வால்யூமைக் குறையுங்கள். இதைப் பல முறை எழுதிவிட்டேன், இன்னும் எழுதுவேன்.

கே: 1957-ஆம் ஆண்டு மாடல் குவாட் கிடைத்திருக்கிறது. ஹெவி மெட்டல் போடலாமா?

ப: குவாட்டின் நிறுவனர் பீட்டர் வாக்கர் அதைக் கொண்டுவந்தபோது பக்கத்தில் நின்றது 15 வாட் வால்வு ஆம்ப். அந்த ஸ்பீக்கருக்கு உச்சம் 33 வோல்ட்தான். டிரெபிள் (உயர்ந்த ஒலிகளுக்கான) பேனல்தான் முதலில் பொறி வைத்து ஓட்டையாகும். மெல்லிசாக, பக்கத்தில் உட்கார்ந்து கேட்பதாக இருந்தால் தாராளமாகக் கேளுங்கள். அறை அதிர வேண்டுமென்றால் அதை வேறொருவருக்குக் கொடுத்துவிடுங்கள்.

கே: ஈரப்பதம் அதிகமான நாட்களில் 'சடசட' என்று கேட்கிறது. ஆபத்தா?

ப: பாட்டோடு வருகிறதா, பாட்டு இல்லாதபோதும் வருகிறதா என்று எழுத வேண்டாமா? இரண்டும் வேறு வேறு நோய். பாட்டை நிறுத்திவிட்டு, ஸ்பீக்கரின் மெயின்ஸை மட்டும் விட்டுவைத்து, பேனல் பக்கம் காதை வையுங்கள். அப்போதும் சடசடப்பு இருந்தால் தூசியும் ஈரமும் சேர்ந்து பயாஸ் மின்சாரம் கசிகிறது. பிளக்கைப் பிடுங்கி, சில மணி நேரம் விட்டு, மென்மையான பிரஷ் போட்ட வாக்குவம் கிளீனரால் மேலோட்டமாக உறிஞ்சுங்கள். ஈரத் துணி, ஸ்பிரே எதுவும் கூடாது. அதற்கும் அடங்கவில்லையென்றால் பேனலைப் பிரிக்கத் தெரிந்தவரிடம் போக வேண்டும்.

சத்தமான இடங்களில் மட்டும் வந்தால் அது ஆர்க்கிங், அதாவது காற்றைத் தாண்டிப் பாயும் பொறி. விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தால் முன்பக்க வலை வழியாக நீலப் புள்ளி மின்னுவது தெரியும். லேசாக ஓசோன் வாடையும் அடிக்கும். ஒவ்வொரு பொறியும் சில மைக்ரான் தடிமனுள்ள பிளாஸ்டிக் சவ்வைச் சுடுகிறது. முதல் 'டிக்'கிலேயே குறைத்திருந்தால் இந்தக் கடிதமே தேவைப்பட்டிருக்காது.

கே: ஹைபிரிட் ஸ்பீக்கரில் (பாஸுக்கு வூஃபர், மற்றதற்குப் பேனல்) கிதார் பேனலிலிருந்து பளிச்சென்று வருகிறது, பாஸ் மட்டும் தனியாகப் பின்னால் இழுபடுகிறது. ஏன்?

ப: வூஃபரும் பேனலும் காற்றில் ஒரே மாதிரி பரவுவதில்லை. தூரம் இரட்டிப்பானால் வூஃபர் 6 டெசிபல் இழக்கும், பேனல் 3 டெசிபல்தான் இழக்கும். அறையின் மூலையோ வூஃபரை மறுபடி ஏற்றிவிடும். ஆகவே இரண்டும் பொருந்தும் இடம் ஒன்றுதான் இருக்கும், அதை நாற்காலியை நகர்த்தித்தான் கண்டுபிடிக்க முடியும். வூஃபர் அளவைக் குறைக்கும் குமிழ் இருந்தால் இரண்டு மூன்று டெசிபல் இறக்கிவிட்டுத் தொடங்குங்கள். கிதாரின் அடித்தந்தி 82 ஹெர்ட்ஸ், வூஃபரும் பேனலும் பிரியும் கிராஸ்ஓவர் 300 ஹெர்ட்ஸுக்குப் பக்கம். ஒரே கிதாரை இரண்டு பேர் பங்கு போட்டு வாசிப்பதால் தையல் கொஞ்சம் தெரியத்தான் செய்யும்.

கே: சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்கலாம்?

ப: குறைந்தது 1 மீட்டர். முடிந்தால் ஒன்றரை. பின்பக்க ஒலி சுவரில் பட்டுத் திரும்ப 6 மில்லி விநாடியாவது ஆகட்டும். புத்தக அலமாரி பின்னால் இருந்தால் இன்னும் நல்லது.

கே: பழைய ராக் ஆல்பங்களின் ரீமாஸ்டர் பதிப்புகள் காதைக் கிழிக்கின்றன. எலெக்ட்ரோஸ்டாட்டிக் டிரெபிள் அப்படித்தானா?

ப: பதிவு அப்படி. 1990-களின் பிற்பாதியிலிருந்து எல்லோரும் போட்டி போட்டுக்கொண்டு கம்ப்ரஸ் செய்தார்கள், அதாவது உச்சத்தை அமுக்கி மொத்தச் சத்தத்தை ஏற்றினார்கள். உச்சத்துக்கும் சராசரிக்கும் நடுவே முன்பு 14, 15 டெசிபல் இருந்த இடத்தில் இப்போது பல டிஸ்க்குகளில் 7, 8தான். டிரம் அடியின் தலை வெட்டப்பட்டிருக்கும், பேனல் அதை அப்படியே காட்டிக்கொடுக்கிறது. பழைய பதிப்பைத் தேடிப் பிடித்து, வால்யூமைக் கொஞ்சம் கூட்டிக் கேளுங்கள். கூட்டும்போது முதல் 'டிக்'... சரி, உங்களுக்கே தெரியும்.

கே: தினமும் 100 டெசிபலில் இரண்டு மணி நேரம் கேட்கிறேன். ஸ்பீக்கர் எத்தனை வருஷம் தாங்கும்?

ப: உங்கள் காதைவிட அதிக வருஷம் தாங்கும். அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான நையோஷ் (NIOSH) பணியிடங்களுக்குச் சொல்லும் கணக்கில் 85 டெசிபலுக்கு 8 மணி நேரம், 94-க்கு ஒரு மணி நேரம், 100-க்குக் கால் மணி நேரம். நீங்கள் அதைப்போல எட்டு மடங்கு கேட்கிறீர்கள்.

கே: எழுந்து நின்று தலையாட்டினால் டிரெபிள் காணாமல் போகிறது. என்ன செய்வது?

ப: காது பேனலின் உயரத்தைத் தாண்டிவிட்டால் டிரெபிள் வராது. உட்கார்ந்து ஆட்டுங்கள்.