லியர் மன்னனுக்குப் பித்துப் பிடித்தது எப்போது? – கேள்வி பதில்

ஷேக்ஸ்பியரின் ‘லியர் மன்னன்’ நாடகத்தைப் படித்த நண்பர்கள் அனுப்பிய கேள்விகளும் என் பதில்களும்.

ஐயா, நாட்டைப் பெற்ற மூத்த மகள்கள் இருவரும் கைவிட்ட பின் புயலில் அலையும் காட்சியில்தான் லியருக்குப் புத்தி பேதலிக்கிறதா?

அதற்கு வெகு முன்பே. முதல் காட்சியில் மூன்று மகள்களிடமும் ‘என் மேல் எவ்வளவு பாசம்’ என்று கேட்டு நாட்டைப் பங்கு போடுகிறார். புகழ்ந்து பேச மறுத்த கடைசி மகள் கார்டீலியாவை விரட்டிவிடுகிறார். ‘லியருக்குப் பித்துப் பிடித்தால் நான் மரியாதை தவறத்தான் வேண்டும்’ என்று அவருடைய விசுவாசியான கென்ட் பிரபு அப்போதே முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுகிறார். அந்த அங்கம் முடிவதற்குள் லியரே ‘எனக்குப் பைத்தியம் வேண்டாம், தெய்வமே’ என்று கெஞ்சுகிறார். புத்தி நழுவுவது அவருக்கே தெரிகிறது. புயலைவிட இந்த ஒரு வரிதான் என்னை அதிகம் நடுங்க வைக்கும்.

நாடகத்தில் வரும் இன்னொரு பிரபுவின் மகன் எட்கரின் பைத்தியம் வெறும் வேஷம்தானே? அது எதற்கு?

வேஷம்தான். தம்பியின் சூழ்ச்சியால் தலைக்கு விலை வைக்கப்பட்டவன் எட்கர். உயிர் பிழைக்க, அரை நிர்வாணமாகத் திரியும் பைத்தியக்காரப் பிச்சைக்காரன் டாம் ஆகிறான். அவன் உளறும் பிசாசுப் பெயர்கள் பல, பேயோட்டுவதாக ஏமாற்றியவர்களைக் கண்டித்து 1603இல் ஹார்ஸ்நெட் என்ற பாதிரியார் வெளியிட்ட நூலில் இருந்து வந்தவை. அவனைப் பார்த்ததும் லியர் முதலில் கேட்பது, ‘எல்லாவற்றையும் மகள்களுக்குக் கொடுத்துவிட்டாயா?’ தன் காயத்தைத் தாண்டி அவருக்கு எதுவும் தெரியவில்லை. அப்புறம்தான் ‘மனிதன் என்றால் இவ்வளவுதானா?’ என்று தன் உடைகளையும் கிழிக்கப் போகிறார். நிஜப் பித்தும் போலிப் பித்தும் புயலில் ஒரே குடிசையின் முன் நிற்கும் இடம் அது. நாடகத்தின் உச்சம் அதுதான் என்பேன்.

லியரோடு கூடவே வரும் அரசவைக் கோமாளி என்ன ஆகிறான்?

மூன்றாம் அங்கத்தின் ஆறாம் காட்சிக்குப் பிறகு வருவதே இல்லை. லியர் முழுதாகப் பேதலித்த பின், உண்மையைக் குத்திச் சொல்ல இன்னொருவன் தேவைப்படவில்லை என்று நான் நினைக்கிறேன்.

சார், என் அப்பாவுக்கு மறதி நோய். லியருக்கும் அதுவாக இருக்குமோ?

அப்படி எழுதியவர்கள் உண்டு. ஆனால் நோயின் பெயரோடு லியரை முடித்துவிடாதீர்கள். காட்டுப் பூக்களைச் சூடித் திரியும்போதுதான், கந்தலில் சின்னக் குற்றமும் தெரியும், அங்கி எல்லாவற்றையும் மறைக்கும் என்று பேசுகிறார். அரியணையில் இருந்தவரை அது அவர் கண்ணில் படவில்லை.

நீங்கள் நான்காம் அங்கத்தின் கடைசிக் காட்சியைப் படியுங்கள். லியரை நன்றாகத் தூங்கவைத்து, புது உடை உடுத்தி வைத்திருக்கிறார்கள். விழித்தவர், தனக்கு எண்பதுக்கு மேல் வயது, புத்தி சரியாக இல்லையோ என்று பயமாக இருக்கிறது என்கிறார். மகளை அடையாளம் கண்டு, ‘விஷம் இருந்தால் கொடு, குடிக்கிறேன். என்னை வெறுக்க உனக்குக் காரணம் இருக்கிறது’ என்கிறார். கார்டீலியாவின் பதில்: ‘காரணமே இல்லை, காரணமே இல்லை.’ அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தே படியுங்கள்.

சுபமான முடிவோடு ஒரு லியர் இருந்ததாமே?

ஆமாம். நேஹம் டேட் என்ற நாடக ஆசிரியர் 1681இல் மாற்றி எழுதினார். கோமாளியே கிடையாது. கார்டீலியா பிழைத்து எட்கரை மணக்கிறாள். கோமாளியோடு மூலம் மேடைக்குத் திரும்பியது 1838இல், நடிகர் மக்ரெடியின் தயாரிப்பில்.

கடைசியில் லியருக்கு மறுபடியும் பித்தா?

கார்டீலியாவின் உடலைச் சுமந்து வருகிறார். போய்விட்டாள் என்று தெரிகிறது, உடனே மூச்சு இருக்கிறது என்கிறார். 1623ஆம் ஆண்டுப் பதிப்பில் ‘அவள் உதடுகளைப் பாருங்கள், அதோ பாருங்கள்’ என்று சொல்லிக்கொண்டே இறக்கிறார். 1608ஆம் ஆண்டுப் பதிப்பில் அந்த வார்த்தைகள் இல்லை.